ஆக்டேவியாவுக்கு நான்கு டயர், கையில் 32,000 ரூபாய்: எதை வாங்குவது?

வாசகர் கேள்வி, வாகனப் பொறியாளர் பதில்

மேடவாக்கத்தில் வசிக்கும் 31 வயது வாசகர் ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். சிறுசேரியில் வேலை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2017 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா, டர்போ பெட்ரோல் வண்டி. வாரநாளெல்லாம் பழைய மகாபலிபுரம் சாலை நெரிசல். ஞாயிறு விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துப் புதுச்சேரி வரை போய்வருவதுதான் அவருக்கு உள்ள ஒரே சந்தோஷம் என்கிறார். கடந்த ஐப்பசி மழையில் சோழிங்கநல்லூர் சிக்னலுக்கு முன்னால் பிரேக் பிடித்தபோது வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய், முன்னால் நின்ற ஷேர் ஆட்டோவுக்கு ஒரு முழம் இடைவெளியில் நின்றிருக்கிறது. பின்சீட்டில் குழந்தை. அதிலிருந்து டயர் மாற்ற வேண்டும் என்று அலைந்துகொண்டிருக்கிறார். மனைவியோ, "பட்டன் நல்லாத்தானே இருக்கு, எதுக்கு இப்ப செலவு?" என்கிறாராம்.

இதுவரை அவர் விசாரித்தவை: வெளிநாட்டு வீடியோக்களில் புகழப்படும் ஓர் இறக்குமதி 'சம்மர் பெர்ஃபாமன்ஸ்' டயர், நான்கும் சேர்த்து 50,000 ரூபாய். அதிலேயே இரண்டை மட்டும் இப்போது வாங்கி முன்சக்கரத்தில் போட்டு, மற்ற இரண்டை அடுத்த வருடம் பார்த்துக்கொள்வது. யாரோ கழற்றி விற்கும் 17 இஞ்ச் அலாய் வீல், பழைய 225/45 டயர்களோடு 38,000. பக்கத்துக் கடைக்காரர் சொல்லும் சாதாரண டயர், நான்கும் 29,000. கடைசியாக, நண்பர் காட்டும் புதுப்பேட்டை வழி, அதாவது அங்கே கழற்றி விற்கும் டயரை வாங்குவது. இவற்றோடு சில சந்தேகங்கள்: சம்மர் டயரை மழைக்காலத்தில் கழற்ற வேண்டுமா? டயரின் பக்கவாட்டில் போட்டிருக்கும் டிரெட்வேர் (தேய்மான) எண் குறைவாக இருந்தால் பிடிமானம் அதிகமா? கத்திரி வெயிலில் காற்றைக் குறைத்து வைக்கலாமா?

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் உங்கள் மனைவி சொன்னதையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் வீட்டுக்கு வீடு இதே பேச்சுதான். சட்டப்படி அவர் சொல்வது சரி. கார் டயரில் பட்டன் ஆழம், அதாவது ரோட்டைத் தொடும் பரப்பில் இருக்கும் வரிப்பள்ளங்களின் ஆழம், 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. உங்கள் டயரில் 3 மில்லிமீட்டர் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்ட அளவு மொட்டை டயரைத் தடுப்பதற்கான கடைசிக் கோடு. புது டயரில் 7, 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். அந்தப் பள்ளங்களின் முக்கிய வேலையே ரோட்டில் நிற்கும் தண்ணீரை வாரி வெளியே தள்ளுவது. ஆழம் பாதிக்கும் கீழே போனதும் காய்ந்த ரோட்டில் உங்களுக்கு வித்தியாசமே தெரியாது. தண்ணீர் நிற்கும் இடத்தில்தான் தெரியும். உங்களுக்கு சோழிங்கநல்லூரில் தெரிந்தது அதுதான்.

பட்டனைவிடப் பெரிய பிரச்சினை உங்கள் டயரின் வயது. டாட் என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரியின் கடைசியில் 1418 என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 2018ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். வெயிலும் ஓசோனும் ஏழு வருடத்துக்கும் மேலாக அந்த ரப்பரை உலர்த்தியிருக்கின்றன. பக்கவாட்டில் முடிபோல ஓடும் வெடிப்புகள் அதன் வெளி அடையாளம். உள்ளே ரப்பர் இறுகிவிட்டது; இறுகிய ரப்பர் ஈர ரோட்டின் நுண்ணிய மேடுபள்ளத்துக்குள் அழுந்தாது, மேலோடு வழுக்கும். பட்டனுக்குள் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள், பிறகு கடையில் ஒரு புது டயரில் அதேபோல் அழுத்திப் பாருங்கள். வித்தியாசம் விரலுக்கே தெரியும். ஐந்து வருடம் தாண்டிய டயரை வருடா வருடம் ஆள் வைத்துச் சோதிக்க வேண்டும். வெடிப்பு விட்ட டயரைச் சோதிக்கத் தேவையில்லை, மாற்ற வேண்டும். செலவைத் தள்ளிப்போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சம்மர் டயர் பற்றிய குழப்பம்

பனி கொட்டும் நாடுகளில் குளிர்காலத்துக்கு ஒரு டயர், மற்ற மாதங்களுக்கு ஒரு டயர் என்று வைத்திருப்பார்கள். சம்மர் டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுக ஆரம்பிக்கும், அதனால்தான் அந்த மாற்றம். மார்கழி விடியற்காலையில்கூட சென்னை அந்தக் குளிரை நெருங்குவதில்லை. நம் ஊர்க் கடைகளில் கார்களுக்கு விற்கும் டயர் ஏறக்குறைய எல்லாமே சம்மர் வகைதான், அந்தப் பெயரை இங்கே யாரும் சொல்வதில்லை, அவ்வளவே. அதனால் மழைக்காலத்தில் கழற்றும் பேச்சே இல்லை. நல்ல சம்மர் டயர் ஈர ரோட்டில்தான் தன் தரத்தைக் காட்டும். பனிச்சின்னம் போட்ட ஆல் சீசன் டயரை யாராவது கூடுதல் விலைக்குக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மீதி இருப்பது 'பெர்ஃபாமன்ஸ்'. அந்த வீடியோக்களில் டயரை ரேஸ் டிராக்கில் வளைத்து வளைத்து ஓட்டிக் காட்டுகிறார்கள். உங்கள் கடிதத்தை மறுபடி படித்துப் பார்த்தேன். நீங்கள் பயந்தது வளைவில் இல்லை, நேர் ரோட்டில், மழையில், பிரேக்கில். மணிக்கு 80 கிலோமீட்டரில் வண்டி ஒவ்வொரு நொடிக்கும் 22 மீட்டர் கடக்கிறது. பின்சீட்டில் குழந்தை இருக்கும்போது உங்களுக்குத் தேவையான பெர்ஃபாமன்ஸ், ஈர ரோட்டில் சில மீட்டர் முன்னதாக நிற்பது. டயருக்காக நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் இந்த ஒரு காரியத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். சக்கரத்தின் அழகு, பக்கவாட்டு எழுத்து, ரிம் அளவு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

டயரின் பக்கவாட்டில் டிரெட்வேர், டிராக்‌ஷன், டெம்பரேச்சர் என்று மூன்று தரக்குறிகள் பல டயர்களில் இருக்கும். அமெரிக்க முறை அது. டிரெட்வேர் 300 என்றால் 420ஐவிடப் பிடிமானம் அதிகம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டது பாதி சரி. பொதுவாக மென்மையான ரப்பருக்கு எண் குறையும். ஆனால் அந்த எண் தேய்மானத்தைப் பற்றியது, அதையும் போடுவது தயாரிப்பாளரேதான்; ஒரு கம்பெனியின் 300ஐ இன்னொரு கம்பெனியின் 420ஓடு நேருக்கு நேர் வைக்க முடியாது. இப்போதெல்லாம் சிலிக்கா கலந்த ரப்பர் நன்றாக உழைக்கவும் செய்யும், ஈரத்தில் பிடிக்கவும் செய்யும். உங்களுக்கு உதவும் குறி டிராக்‌ஷன்தான். ஈரமான ரோட்டில் நேராகப் பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் பிடிமானத்தை அளந்து ஏஏ, ஏ, பி, சி என்று தருவார்கள். ஏ-க்குக் கீழே வாங்காதீர்கள், ஏஏ கிடைத்தால் நல்லது. ஆனால் தேங்கிய தண்ணீரில் டயர் மிதப்பதை இந்தக் குறி அளப்பதில்லை. அதற்குப் பட்டனின் ஆழமும் சரியான காற்றும்தான் காவல். தண்ணீரின் மேல் டயர் ஏறிவிட்டால் ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிடும். அந்த நேரத்தில் ஓங்கிப் பிரேக் அடிக்காமல், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள்.

இரண்டு மட்டும் வாங்கினால் முன்னாலா, பின்னாலா?

இங்கே உங்களை நிறுத்தியே ஆக வேண்டும். இன்ஜின் சக்தி முன்சக்கரத்துக்குப் போகிறது, ஸ்டீயரிங்கும் அங்கேதான், அதனால் புது டயர் முன்னால் என்று நினைக்கிறீர்கள். பல கடைகளிலும் இப்படித்தான் போட்டுக் கொடுக்கிறார்கள். மழையில் இது ஆபத்து. முன்டயர் பிடியை விட்டால் வண்டி திரும்பாமல் நேராகப் போகும். காலை எடுத்தால் வேகம் குறைந்து பெரும்பாலும் திரும்பப் பிடித்துவிடும். பின்டயர் விட்டால் வண்டியின் பின்பக்கம் சுழன்று வந்துவிடும். பழகிய டிரைவருக்கே அதைச் சரிசெய்ய நேரம் கிடைக்காது. முன்னால் புதிது, பின்னால் ஏழு வருடப் பழசு என்று ஓட்டினால், முன்பக்கம் நன்றாகப் பிடிக்கும் தைரியத்தில் வேகமாகப் போவீர்கள், பின்பக்கம் கைவிடும். உங்கள் வண்டியில் இருக்கும் எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் (வண்டி சறுக்கும்போது தானாகப் பிரேக் பிடித்து நேராக்கும் வசதி) ஓரளவு காப்பாற்றும், ஆனால் ரோட்டில் இல்லாத பிடிமானத்தை அது உண்டாக்காது. இரண்டுதான் வாங்க முடியும் என்ற நிலை வந்தால், முன்சக்கர டிரைவ் வண்டியானாலும் புதிது பின்னால்தான். உங்களுக்கு அந்தப் பேச்சே வேண்டாம். நான்கும் ஒரே வயது, நான்கும் போக வேண்டியவை. விலை உயர்ந்த இரண்டைவிட நடுத்தரமான நான்கு எவ்வளவோ மேல்.

17 இஞ்ச் ஆசை

ஆக்டேவியாவுக்கு 17 இஞ்ச் அழகுதான், மறுக்கவில்லை. கணக்கும் இடிக்கவில்லை: இப்போது உங்கள் வண்டியில் உள்ள 205/55 ஆர்16 (205 மில்லிமீட்டர் அகலம், அதில் 55 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், 16 இஞ்ச் ரிம்) டயரின் மொத்த விட்டம் 632 மில்லிமீட்டர், 225/45 ஆர்17க்கு 634. ஸ்பீடோமீட்டர் ஏமாறாது. ஆனால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் சுவர் 113 மில்லிமீட்டரிலிருந்து 101 ஆகக் குறைகிறது. மெட்ரோ பணிக்காகத் தோண்டி மூடிய பழைய மகாபலிபுரம் சாலையில், மழைத்தண்ணீருக்கு அடியில் பள்ளம் எங்கே என்று தெரியாமல் நீங்கள் தினமும் போகிறீர்கள். சுவர் குட்டையானால் பள்ளத்தின் அடி நேராக ரிம்மில் விழும். உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்து பக்கவாட்டு வீங்கிக் குண்டு தள்ளும். குண்டு தள்ளிய டயருக்கு வைத்தியம் கிடையாது, தூக்கிப்போட வேண்டியதுதான். அகல டயர் தேங்கிய தண்ணீரில் சீக்கிரம் மிதக்கும் என்பதும் இருக்கிறது.

பணத்துக்கும் இதில் பாதுகாப்பு இல்லை. நம் மோட்டார் இன்ஷூரன்ஸில், வண்டிக்கும் சேதம் ஆகாமல் டயர் மட்டும் கெட்டால் கிளெய்ம் கிடையாது. வண்டியோடு சேர்ந்து கெட்டாலும் டயருக்குப் பாதித் தொகைதான், தனியாக டயர் கவர் எடுத்திருந்தால் தவிர. கம்பெனி கொடுத்த அளவை மாற்றினால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிச் சொல்லியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் விபத்து நேரத்தில் அதுவே வாதமாகும். இவ்வளவுக்கும் மேலே, அந்த அலாயோடு வருவது பழைய டயர். எதற்காக இந்தச் செலவோ அந்தக் காரணமே தீராது.

என் யோசனை

உங்கள் அளவிலேயே, 205/55 ஆர்16 91வி, இந்தியாவில் தயாராகும் நல்ல டூரிங் ரகத்தில் (அன்றாட, நெடுந்தூர ஓட்டத்துக்கான ரகம்) நான்கு டயர். 91 என்பது ஒரு டயர் தாங்கும் எடை, 615 கிலோ. வி என்பது 240 கிலோமீட்டர் வேகம்வரை தாங்கும் என்ற குறி. கடைக்காரர் சொன்ன 29,000 ரூபாய் டயர் எச் ரகம் என்று எழுதியிருக்கிறீர்கள், அது 210. "நான் எங்கே 210 போகப்போகிறேன்?" என்று கேட்கலாம். அந்த எழுத்து வேகத்தோடு சேர்த்து வெப்பத்தைத் தாங்கும் திறனையும் காட்டுகிறது. சித்திரை மாத மதியத்தில், நான்கு பேரும் லக்கேஜுமாகத் திண்டிவனம் தாண்டிப் போகும்போது அந்த இடைவெளி உங்களுக்கு வேண்டும். வண்டிக் கம்பெனி கொடுத்த குறிக்குக் கீழே இறங்காதீர்கள். அதே கடையில் வி ரகம் என்ன விலை என்று கேளுங்கள்.

பெயர் கேட்டிருக்கிறீர்கள். அப்போலோ ஆஸ்பயர் 4ஜி, எம்ஆர்எஃப் பெர்ஃபின்ஸா, சியட் செக்யூராடிரைவ், யோகோஹாமா ப்ளூஎர்த் ஜிடி, இந்த வரிசையில் உங்கள் அளவுக்குக் கையிருப்பில் இருப்பதை விசாரியுங்கள். இன்னும் கொஞ்சம் பணம் சேர்க்க முடிந்தால் மிச்லின் ப்ரைமஸி 4 எஸ்டி, கான்டினென்டல் அல்ட்ராகான்டாக்ட் யூசி6 இரண்டையும் பாருங்கள். மழைப் பிரேக்குக்காக மட்டும் கூடுதல் பணம் போடுவதாக இருந்தால் நான் அங்கேதான் போடுவேன். 50,000 ரூபாய் டயர் கெட்டதல்ல. அதன் முழுத் திறமையும் வெளிப்படும் இடம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக். உங்கள் ஓட்டத்தில் அது சீக்கிரம் தேயும், பள்ளத்தில் ஒன்று போனால் அதே டயர் மறுபடி கிடைக்கக் காத்திருக்க வேண்டியும் வரலாம். 2020 ஜூனிலிருந்து கார் டயர் இறக்குமதிக்கு மத்திய அரசின் கட்டுப்பாடு இருக்கிறது. அதனால் இறக்குமதி டயர் வாங்குவோர் தயாரிப்புத் தேதியை இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும்.

விலை பேசும்போது இன்னொன்று. கார் டயருக்கான சரக்கு சேவை வரி 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. அதற்கு முன் எடுத்த விலைப்பட்டியலை வைத்து நீங்கள் கணக்குப் போட்டிருந்தால், மறுபடி விசாரியுங்கள். ஒரு டயருக்கு 10,000 வரிக்கு முந்தைய விலை என்றால் 12,800 இப்போது 11,800. நான்கு டயருக்கு 4,000 ரூபாய் வித்தியாசம். நடுத்தர ரகத்திலிருந்து ஒரு படி மேலே போக இதுவே பெரும்பகுதி உதவும். அண்ணா சாலை, ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம் மூன்று கடையில் கேட்டுவிட்டு மேடவாக்கம் கடைக்காரரிடம் திரும்பி வந்து பேசுங்கள். ஃபிட்டிங், பேலன்சிங், அலைன்மென்ட், புது வால்வு எல்லாம் சேர்த்து என்ன தொகை என்று கேளுங்கள், இல்லாவிட்டால் கடைசியில் தனித்தனியாக ஏறும்.

புதுப்பேட்டை பற்றி

உங்கள் நண்பரை முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். புது வண்டி வாங்கிய கையோடு அலாய் மாற்றுகிறவர்கள் கழற்றிப் போடும் டயர்கள் உண்டு, சில நூறு கிலோமீட்டர்கூட ஓடாதவை. ஒரே மாடல், ஒரே தேதி, நான்கும் சேர்ந்து கிடைத்து, பில்லும் தந்தால் உங்கள் பட்ஜெட்டில் அதைவிட நல்ல பேரம் இல்லை. ஆனால் அதே அடுக்கில், தேய்ந்த டயரில் பட்டனை மறுபடி வெட்டி ஆழமாக்கிக் கறுப்பு பாலிஷ் போட்டு வைத்ததும் இருக்கும். பட்டன் பள்ளத்தின் அடியில் குறுக்கே சின்னச் சின்னத் திட்டுகள் தெரியும், அவைதான் 1.6 மில்லிமீட்டர் அடையாளம். பள்ளம் ஆழமாக இருந்து அந்தத் திட்டு அறுபட்டிருந்தாலோ காணாமல் போயிருந்தாலோ வெட்டிய டயர். அடுத்து டயரின் உள்பக்கம் கையை விட்டுத் தடவுங்கள்; ஒட்டுப்போட்ட பஞ்சர், மடிப்பு, சொரசொரப்பு எது தட்டுப்பட்டாலும் வைத்துவிட்டு வாருங்கள். ரீபட்டன் செய்த டயர், அதாவது தேய்ந்த டயரின்மேல் புது ரப்பர் ஒட்டியது, லாரிக்குச் சரி, உங்கள் வேகத்துக்கு வேண்டாம்.

காற்று

கத்திரி வெயிலில் காற்றைக் குறைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வெயிலில் டயர் வெடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் காற்றுக் குறைவு. காற்று குறைந்த டயர் உருளும்போது பக்கவாட்டு அதிகமாக மடங்கி மடங்கித் தானே சூடேறும். உங்கள் வண்டிக்கான அளவு பெட்ரோல் மூடியின் உள்பக்க ஸ்டிக்கரில் இருக்கிறது. வண்டி ஓடாமல் ஆறியிருக்கும் காலையில் அந்த அளவுக்கு அடியுங்கள். ஓடி முடித்ததும் நான்கைந்து பிஎஸ்ஐ ஏறித்தான் காட்டும், அதை இறக்கக் கூடாது. மழைக்காலத்தில் காற்று சரியாக இருப்பது இன்னும் முக்கியம், குறைந்த காற்றில் டயர் குறைந்த வேகத்திலேயே தண்ணீர்மேல் ஏறிவிடும். நைட்ரஜன் அடித்தால் இறங்குவது கொஞ்சம் மெதுவாகும். வெறும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஸ்டெப்னியையும் சேர்த்துப் பார்ப்பதற்கு அது மாற்று இல்லை.

கடையில்

டயரை வண்டியில் ஏற்றும் முன் நான்கின் தேதி எண்ணையும் நீங்களே குனிந்து படியுங்கள். நாலைந்து மாதத்துக்குள் செய்தது கேளுங்கள். எம்ஆர்எஃப் தலைமையகம் நம் கிரீம்ஸ் சாலையில், அப்போலோ தொழிற்சாலை ஒரகடத்தில். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இரண்டு வருடச் சரக்கை வாங்க வேண்டிய தலையெழுத்து யாருக்கும் இல்லை. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத கார் டயரை இந்தியாவில் விற்கவே கூடாது. பக்கவாட்டில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால், அல்லது 'அவுட்சைடு' என்று எழுதியிருந்தால், அதன்படி மாட்டினார்களா என்று பாருங்கள். வரியோடு கூடிய பில்லில் நான்கு டயரின் சீரியல் எண்ணையும் எழுதி வாங்குங்கள். நாளைக்குத் தயாரிப்புக் குறை என்று வாரண்டி கேட்கப் போனால் அந்தக் காகிதம்தான் பேசும். கடையோ கம்பெனியோ நியாயமில்லாமல் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். பள்ளத்தில் அடிபட்டுக் குண்டு தள்ளியதை வழக்கமாகத் தயாரிப்புக் குறையாக ஏற்க மாட்டார்கள். சில கம்பெனிகள் அதற்கும் குறிப்பிட்ட காலம்வரை உத்தரவாதம் தருகின்றன, வாங்கும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

புது டயரின் மேற்பரப்பில் அச்சிலிருந்து எடுப்பதற்காகத் தடவிய வழவழப்பு இருக்கும். முதல் 200, 300 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி அது தேய்ந்த பிறகு புதுச்சேரிக்குப் போங்கள். மாற்றும்வரை இந்த ஞாயிறுகளுக்கு விடுப்பு கொடுத்துவிடுங்கள், மழை பெய்தால் அலுவலகத்துக்கும் வேறு வண்டியில் போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். கடைகளில் வி ரகத்துக்குச் சொல்லும் மாடல் பெயரையும் தேதி எண்ணையும் எனக்கு எழுதி அனுப்பினால், பணம் கட்டும் முன் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.